குளிர் வாங்கிய பேரரசு

புதுக்கொற்கையில் யாரும் வியர்ப்பதில்லை. சித்திரை மாதத்தில் காக்கை கூரையில் உட்கார்ந்தால் கால் பொரிந்து கழன்றுவிடும், அப்படிப்பட்ட ஊர் அது. அந்த ஊரில்தான் பெரிய மனிதர்கள் கம்பளிச் சால்வையைக் காது வரைக்கும் சுற்றிக்கொண்டு, பல் தந்தியடிக்க, "இன்னிக்குக் கொஞ்சம் இதமா இருக்கு" என்று பேசிக்கொண்டு திரிந்தார்கள்.

ஒரு குடும்பத்தின் அந்தஸ்தைத் தெரிந்துகொள்ள வாசலையோ வண்டியையோ யாரும் பார்ப்பதில்லை. நேரே அடுக்களைக்குப் போய்த் தேங்காயெண்ணெய்ப் புட்டியைச் சாய்த்துப் பார்ப்பார்கள். எண்ணெய் ஓடினால் இல்லாதப்பட்டவர்கள். உறைந்து கல்லாகக் கிடந்தால் வசதியானவர்கள். பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜியில் கை வைக்கும் முன்னாலேயே, "உங்க வீட்ல எண்ணெய் உறையுமா?" என்று கேட்டுவிடுவார்கள். குளிர்த்துறை அமைச்சர் அழும்பிலார் வீட்டில் தலைக்கு எண்ணெய் வைப்பதற்கு உளியும் சுத்தியலும் எடுத்து வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேரரசு அப்போது உச்சியில் இருந்தது. அதன் நெசவாலைகள் ஒரே நாளில் நெய்த துணியை வைத்து நிலாவுக்கு வேட்டி கட்டி, மிச்சத்தில் மேல்துண்டும் போட்டுவிடலாம். ஏழு கடலிலும் அதன் கப்பல்களில் இடித்துக்கொள்ளாமல் போக இடமில்லாமல் திமிங்கலங்கள் கரைக்கு வந்து குடியேறியதாகக் கேள்வி.

இவ்வளவு பெரிய பேரரசு யாரிடமும் எதையும் பிடுங்கியதில்லை. அதில் அவர்களுக்கு அபாரமான பெருமை. படை அனுப்புவது அநாகரிகம் என்று தாம்பூலம் அனுப்பினார்கள். வெள்ளித் தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய். அந்த ஊர்ச் சபையில் பேச உரிமையுள்ள ஒருவர் தட்டைக் கை நீட்டி வாங்கிக்கொண்டால் சம்பந்தம் முடிந்தது. அப்புறம் எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

அந்தத் தட்டை வடகோடியில் இருக்கும் வெண்தீவுக்கு ஏந்திப் போனவள் மாசாத்தி. தாம்பூலத் தூதர் என்பது அவள் பதவி. பேரரசின் பெரிய சொத்தான குளிரை அங்கிருந்து குழாய் போட்டு வாங்கி வந்தவள் என்று பள்ளிக்கூடத்தில் பாடம்கூட இருந்தது. அப்படிப்பட்டவள், அமைச்சர் அழும்பிலாரின் அறையில், சால்வைகூடப் போட்டுக்கொள்ளாமல் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு குளிர்காலம் ஐயா. குழாயை ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் மூடி வைங்க."

"உக்காரும்மா முதல்ல. மூக்கு சிவந்துபோச்சு பாரு. சுக்குக் காப்பி சொல்லவா?"

"அங்க மரமெல்லாம் தூங்காம நிக்குது ஐயா."

அழும்பிலார் நல்ல மனிதர். வீட்டுப் பூனைக்குக்கூடக் கம்பளிச் சட்டை தைத்துப் போட்டவர். அவர் நிதானமாகச் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"நம்ம ஆலையெல்லாம் எதுல ஓடுதுன்னு நினைக்கிற?"

"சூட்டுல."

"சூடு யார்கிட்ட இல்ல? பாலைவனத்து ஒட்டகத்துக்கு இல்லாத சூடா? அது ஏன் ஆலை கட்டல?" அவரே சொல்லி அவரே சிரித்தார். "மேட்டுல இருக்க தண்ணி பள்ளத்துக்கு ஓடுறப்ப நடுவுல சக்கரத்தை வச்சா சுத்துதா இல்லையா? இதுவும் அதுதான். இந்தப் பக்கம் சூடு, அந்தப் பக்கம் குளிர். சூடு குளிரைத் தேடி ஓடுது. ஓடுற பாதையில நாம சக்கரத்தை வச்சோம். ரெண்டு பக்கமும் சமமாப் போச்சுன்னா ஒரு தறிகூட அசையாது. பேரரசு பேரரசுங்கிறாங்களே, அது என்னங்கிற? ஒரு மேடு, ஒரு பள்ளம். அவ்வளவுதான் விஷயம்."

"பள்ளத்துல இருக்கவங்க?"

"அவங்களுக்குத்தான் பதிலுக்கு வெயிலை அனுப்புறோமே."

 அந்த வாக்கியத்தை முதன்முதலில் வெண்தீவுச் சபையில் சொன்னவளே மாசாத்திதான்.

மனமாரச் சொன்னாள். பொய்யில்லை. வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்தவளுக்கு, குளிரை ஒருவர் விரும்பக்கூடும் என்று எப்படித் தெரியும்? வெண்தீவில் கப்பலை விட்டு இறங்கியதும் அவள் விட்ட மூச்சு பனிக்கட்டியாகிக் காலில் விழுந்தது. அந்த மக்கள் இதிலேயே கிடந்து அவதிப்படுகிறார்களே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "உங்க குளிரை எங்களுக்குக் கொடுங்க. எங்க வெயிலை நீங்க வச்சுக்குங்க" என்று தட்டை நீட்டியபோது, அந்த ஊர்க்காரர்கள் மூன்று நாள் சிரித்தார்கள். சிரித்த சிரிப்பில் கூரைப் பனியெல்லாம் சரிந்து வாசல் அடைத்துக்கொண்டது. குளிரைப் போய் ஒருத்தி கேட்கிறாளாம். சபைத் தலைவி ஹெல்மா, "முதல்ல என் முழங்கால்ல இருக்கறதை எடுத்துக்கிட்டுப் போம்மா" என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டாள். வெற்றிலையை மென்று, வாய் சிவந்ததும் ரத்தமென்று பயந்து பாதிரியாரைக் கூப்பிட்டு விட்டாள்.

அந்த ஹெல்மாவின் மகன்தான் ஐவோ. ஆப்பிள் தோட்டக்காரன். வாசற்படியில் குனிந்தே நுழையும் உயரம். நடுங்கிக்கொண்டிருந்தவளுக்குத் தன் ரோமச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவன் வெறும் சட்டையோடு நின்றான். அதற்கு மேல் விவரிக்க என்ன இருக்கிறது. அந்த வாரமே இரண்டு பேரும் ஓர் ஆப்பிள் கன்றை நட்டார்கள்.

வெண்தீவில் நிச்சயதார்த்தம் என்றால் அதுதான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கன்று நடவேண்டும். அது வளர்ந்து பூக்கும்போது, பூத்த கிளைக்கடியில் நின்று கை பிடித்தால் கல்யாணம். கல்யாணம் ஆனவர்களுக்குத்தான் சபையில் வாய்; அதுவும் அவர்கள் மரம் பூக்கிற வரைக்கும்தான், சபைத் தலைவிக்கு மட்டும் ஆயுசு முழுக்க. மரம் பூக்காத மற்றவர்கள் எவ்வளவு பெரிய ஆளானாலும் வாயைத் திறக்கக் கூடாது.

குழாய் போட்ட பிறகு வெண்தீவில் பனி வரவில்லை. முதல் வருஷம் எல்லோரும் வெறும் காலோடு வெளியே ஆடினார்கள். கிழவிகள் வெயிலில் படுத்துப் புரண்டார்கள். ஐவோவின் தோட்டத்தில் மரங்கள் இலையாகத் தழைத்தன. பூ மட்டும் இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. அதற்கடுத்த வருஷம் பார்லியும் கதிர் விடவில்லை. பேரரசு பெரிய மனசு பண்ணி அரிசிக் கப்பல் அனுப்பியது.

"மரம் குளிர்லதான் தூங்கும் சாத்தி," என்று ஐவோ ஒரு பயணத்தின்போது அவளிடம் சொன்னான். அவள் பேச்சை அவளிடமே கற்றுக்கொண்டவன். "தூங்கி எழுந்தாத்தான் அதுக்குப் பூக்கத் தெரியும். இப்ப வருஷம் முழுக்க முழிச்சுக்கிட்டே இருக்கு. பாவம், எப்பத் தூங்கறதுன்னு அதுக்குத் தெரியல."

ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. வருஷத்துக்கு ஒரு முறை அவள் போய், மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அவன் முகத்தைப் பாராமல் திரும்பி வந்தாள். போன மாதம் ஹெல்மாவும் கண்ணை மூடிவிட்டாள்.

"அப்ப அந்தத் தீவுல பேசறதுக்கு ஆளே இல்லைங்கிற?" அமைச்சர் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒருத்தரும் இல்ல ஐயா. பழைய ஆளுங்க மரமெல்லாம் பூக்காமப் போச்சு, தலைவியும் போயிட்டாங்க. புதுசா யாருக்கும் மரம் பூக்கல."

அழும்பிலார் எழுந்து வந்து அவள் தோளைத் தட்டினார். "குழாயை மூடறது நடக்காத காரியம். ஆனா ஒண்ணு பண்ணலாம். குளிர் அங்க இல்லாட்டி என்ன, இங்க இருக்கே? உன் மரத்தை வேரோட கிளப்பி இங்க கொண்டு வரச் சொல்லு. நம்ம குளிர் மண்டபத்துல நடுவோம். நல்லாத் தூங்கட்டும். பூக்கட்டும். கல்யாணத்தை நானே நடத்தி வைக்கிறேன்."

மாசாத்தி அவர் காலில் விழுந்துவிட்டாள். எழுந்தபோது கண்ணீர் கன்னத்தில் பாதி வழியில் உறைந்து நின்றது.

*

மரம் கப்பலில் வந்தது. வேரைச் சுற்றிய மண்ணோடு சாக்கில் கட்டி, அதைத் தோளில் சுமந்துகொண்டு ஐவோ துறைமுகத்திலிருந்து நடந்தே வந்தான். நான்கு மாடுகள் இழுக்கவேண்டிய பாரம். வழியெல்லாம் வேர்வை அவனிடமிருந்து அருவியாகக் கொட்டி, பின்னால் வந்தவர்களுக்குக் கால் வழுக்கியது. வியர்க்கிற மனிதனைப் பார்த்து நெடுநாளாகிவிட்டதால், ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள்.

குளிர் மண்டபம் பேரரசின் மணிமகுடம். கண்ணாடிக் கூரை. உள்ளே ஓயாமல் பனி பெய்யும். பணக்காரப் பெண்கள் குழந்தைகளோடு வந்து பனியை உருட்டி விளையாடிவிட்டு, சுக்குக் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். மாசாத்தி கதவைத் திறந்தாள். ஐவோ ஒரு காலை உள்ளே வைத்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன?"

அவன் பாரத்தை இறக்கவில்லை. கண்ணை மூடி மூச்சை இழுத்தான். ரொம்ப நேரம் இழுத்தான்.

"இது எங்க ஊருது," என்றான்.

"எது?"

"இந்தக் குளிர்காலம். எங்க இருந்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். அம்மா காலையில கதவைத் திறந்தா முதல்ல இதுதான் உள்ள வரும். நான் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடியே வந்து என் கால்ல படுக்கும்." பனியில் சறுக்கிக்கொண்டிருந்த ஒரு குண்டுச் சிறுமியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லாத்தான் வச்சிருக்கீங்க."

திட்டியிருந்தால் மாசாத்தி தாங்கியிருப்பாள்.

மரம் தூங்கியது. ஒரே வாரத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, அப்பாடா என்று தூங்கியது. அந்த மாதங்களில் அவர்கள் இரண்டு பேரும் தினமும் மண்டபத்தில்தான் இருந்தார்கள். அவள் தயிர்சோறு கட்டிக்கொண்டு வருவாள். அதைச் சாப்பிடும் முன் கல்லில் தட்டி உடைக்கவேண்டும். "உங்க ஊர்ல சோத்தைக் கூட வெட்டித்தான் சாப்பிடறாங்க" என்று அவன் கேலி செய்வான். அவள் சிரிப்பாள். பன்னிரண்டு வருஷச் சிரிப்பை அவள் அந்த ஒரு குளிர்காலத்தில் சிரித்துத் தீர்த்தாள்.

பிறகு ஒரு நாள் கிளை நுனியில் பச்சையாக ஒன்று. மறுநாள் அதன் மூக்கு சிவந்திருந்தது. மொட்டு.

செய்தி கேட்டதும் அழும்பிலார் ஜிலேபித் தட்டோடு வந்தார். "வாங்க மாப்பிள்ளை" என்று ஐவோவைக் கட்டிக்கொண்டார். எட்டியது இடுப்பு வரைக்கும்தான்.

"முகூர்த்தம் வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம். அதுக்குள்ள எல்லாம் மலர்ந்துரும்னு சொல்றாங்க. கல்யாணத்துல மாப்பிள்ளை தாம்பூலம் வாங்குவார் இல்லையா, அதே தட்டுல சின்னதா ஒரு விஷயத்தையும் முடிச்சிருவோம். இரண்டாவது குழாய்."

"எங்கேருந்து?" என்றான் ஐவோ.

"தாய்மலையிலேருந்து. முதல் குழாய்ல இப்பல்லாம் சரியா வரமாட்டேங்குது. உங்க ஊரும் சூடாகிப்போச்சு பாருங்க. கடைக்கோடித் தெருவுல எண்ணெய் இளகுதாம். ஒரே புகார்."

தாய்மலை வெண்தீவின் நடுவில் இருக்கும் ஒற்றை மலை. தீவில் மிச்சமிருக்கும் பனி முழுவதும் அதன் தலையில் இருந்தது. அத்தனை ஆறுகளும் அங்கிருந்துதான் இறங்கின.

"ஐயா," என்றாள் மாசாத்தி. "அது போயிட்டா அவங்களுக்குக் குடிக்கத் தண்ணியே இருக்காது."

"நான் வேணாம்னு சொன்னா?" என்றான் ஐவோ.

"தாராளமாச் சொல்லலாமே. பூத்த மரத்துக்காரர், உங்களுக்கு வாய் இருக்கு. பேரரசு யாரையும் கட்டாயப்படுத்தாது." அமைச்சர் ஒரு ஜிலேபியைப் பிட்டார். "ஆனா சம்பந்தமே வேணாங்கிற ஊருக்கு நாங்க எதுக்குத் தம்பி அரிசிக் கப்பல் அனுப்பணும்? நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க."

"இப்ப அனுப்புறீங்களே."

"இப்ப உங்க ஊர்ல பேச ஆளில்ல. பேச ஆளில்லாத ஊருக்குப் பழைய பேச்சுதான் செல்லும். பழைய பேச்சுல அரிசி உண்டு, ஒரே குழாய் உண்டு. அதை நானே நினைச்சாலும் மாத்த முடியாது. சட்டம்னா சட்டம்." இதைச் சொல்லும்போது அவர் முகம் உண்மையான பெருமையில் பளபளத்தது. "ஒரு தடவை அதை மீறினோம்னா, மத்த ஊர்க்காரனெல்லாம் வாங்கின தட்டைத் திருப்பிக் கொண்டு வந்து வாசல்ல வச்சிருவான். அப்புறம் பேரரசு ஏது?"

அவர் போன பிறகு இரண்டு பேரும் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சரி என்றால் மலை போகும். வேண்டாம் என்றால் சோறு போகும். மொட்டுகள் என்னவோ ஒன்றும் தெரியாமல் உப்பிக்கொண்டிருந்தன.

"அழகா இருக்குல்ல?" என்றான் ஐவோ.

"ம்," என்றாள் மாசாத்தி.

அதற்கு மேல் வெள்ளிக்கிழமை வரைக்கும் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் கல்யாண விருந்து. நாற்பது வகைக் கூட்டு, பாயசத்தில் நீந்தலாம். விருந்து முடிந்ததும் புதுக்கொற்கை தூங்கியது. பேரரசின் உச்சியிலும் அந்த ஊர் விடாத ஒரே பழக்கம் மத்தியானத் தூக்கம். ரயில்கள் பாதி வழியில் நின்றன. தறிகள் நின்றன. காவல்காரர்கள் ஈட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குறட்டை விட்டார்கள். எதிரி படையெடுத்து வந்தாலும், சாயங்காலமாக வாருங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கிற ஊர். அமைச்சர் பந்தலிலேயே கால் நீட்டிவிட்டார்.

மாசாத்தி தூங்கவில்லை. கூறைப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்யாண மேளக்காரர்களைத் தாண்டி மண்டபத்துக்கு நடந்தாள். பூ இல்லாமல் கிளைக்கடியில் நிற்க முடியாது. நிற்காவிட்டால் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லாவிட்டால் அவனுக்கு வாய் இல்லை. வாயில்லாதவனிடம் தட்டை நீட்ட எந்த அமைச்சராலும் முடியாது. அவனிடம் சொல்லிவிட்டுச் செய்ய அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் கை ஓடாது. செய்துவிட்டு அவன் காலில் விழலாம், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணிக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

மரத்தில் ஏணி சாத்தியிருந்தது. ஏணியின் மேல் பட்டு வேட்டியோடு ஐவோ. மேல் கிளைகள் மொட்டையாக இருந்தன. அவன் கையில் நிறையப் பூ.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தூங்கலையா?" என்றான்.

"நீ?"

அவன் கையிலிருந்த பூவைப் பார்த்தான். "உன்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"நானும்."

 பிறகு அவன், "மேல முடிச்சிட்டேன். கீழ இருக்கு" என்றான்.

அவள் முந்தானையை மடியாகக் கட்டிக்கொண்டு பறிக்க ஆரம்பித்தாள்.

"இழுக்காத. காம்பை மட்டும் கிள்ளு. அடியில ஒரு கண்ணு இருக்கும் பாரு, அது மேல நகம் படக் கூடாது."

"ஏன்?"

"அடுத்த வருஷம் அதுலதான் பூக்கும்."

அவள் கை நின்றது. "அடுத்த வருஷம் என்ன பண்றது?"

"அடுத்த வருஷமும் வரேன்."

மடி நிறைந்தது. தரையில் உட்கார்ந்து பார்த்தால், அவள் விரல்கள் அவளைக் கேட்காமலேயே நாரைத் தேடிக்கொண்டிருந்தன. இரண்டு பூவை இணை சேர்த்து முடிச்சுப் போட எடுத்துவிட்டு, வெட்கப்பட்டுக் கீழே போட்டாள்.

"எங்க ஊர்ல யாரும் பூவைப் பறிச்சதில்ல," என்றான் ஐவோ. "பறிச்ச பூவை என்ன செய்யணும்?"

"தலையில வைப்போம்."

"வச்சுக்கோ. ஒண்ணே ஒண்ணு."

"வேணாம் ஐவோ. வச்சா எடுக்க மனசு வராது."

மண்டபத்தின் மூலையில், வெண்தீவுக்குச் சூட்டைத் திருப்பி அனுப்பும் குழாயின் வாய் அனலாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. பூவையெல்லாம் அங்கே கொண்டு போனார்கள். அவள் முந்தானையை உதறினாள். குழாய் அத்தனையையும் ஒரே மடக்கில் விழுங்கியது.

"தூளாத்தான் போய்ச் சேரும்," என்றாள்.

"போகட்டும். வாசனை தெரியும்ல. பன்னிரண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க யாருக்கும் அந்த வாசனை தெரியாது."

பிறகு அவன் ஏணியை எடுத்து இருந்த இடத்தில் வைத்தான். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தாள். ஊர் விழித்தபோது மாப்பிள்ளையும் பெண்ணும் அவரவர் அறையில் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தார்கள்.

*

அழும்பிலார் மொட்டை மரத்தைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தேற்றவே ஒரு வாரம் ஆயிற்று. நிபுணர் குழு போட்டார்கள். தாடி வைத்த பதினெட்டு நிபுணர்கள் மரத்தைத் தட்டியும் நக்கியும் பார்த்துவிட்டு, பூ நிலைக்காததற்குக் காரணம் குளிர் போதாததுதான் என்று ஒரே குரலில் சொன்னார்கள். அது முதல் பேரரசின் குளிர் முழுவதும் அந்த ஒரு மரத்துக்குத் திருப்பப்பட்டது. நடுத்தெருவில் எண்ணெய் இளகியது. பெரிய வீதிகளில் இளகியது. அமைச்சர் வீட்டு உளியும் சுத்தியலும் துருப்பிடித்தன. பெரிய மனிதர்கள் சால்வைக்குள் ரகசியமாக வியர்த்தார்கள். தாய்மலையின் தலையில் பனி அப்படியே இருந்தது.

காவலுக்கு ஆள் போடத்தான் போட்டார்கள். காவல்காரர்களும் புதுக்கொற்கைக்காரர்கள்தானே. சாப்பிட்டதும் தூங்கினார்கள்.

வருஷா வருஷம் அமைச்சர் நம்பிக்கையோடு முகூர்த்தம் குறித்தார். வருஷா வருஷம் ஐவோ கப்பல் ஏறி வந்தான். மாசாத்தியின் தலையில் நரை விழுந்தது, அவன் முதுகு கூனியது. நிபுணர்கள் சொன்னது ஒரு வகையில் சரிதான். அவ்வளவு குளிரில் அவ்வளவு நன்றாகத் தூங்கிய மரம், ஒவ்வொரு வருஷமும் முந்தைய வருஷத்தைவிடக் கொத்துக் கொத்தாகப் பூத்தது. பறித்து முடிக்க இன்னும் கொஞ்சம் நேரமாயிற்று.

அவர்களுக்குக் கிடைத்த குடித்தனம் அந்த நேரம்தான்.